நங்கூரம் இறக்கும் முன்

காசிமேடு

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் வந்தது. பிப்ரவரியில் நீயும் உன்னோடு பழகும் இரண்டு பேரும் துறைமுகத்திலிருந்து பாய்ப்படகில் கிளம்பி, திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி தாண்டி, பழவேற்காட்டு முகத்துவாரத்து மணல்திட்டு ஓரமாக நங்கூரம் போட்டு ஓர் இரவு தங்கப் பார்க்கிறீர்கள். விடிகாலையில் பூநாரைகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. உன் அம்மா வேண்டாம் என்கிறாள், மாமா சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறாய். நான் பேசுகிறேன். அதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. உன்னோடு வருகிற இருவருக்கும் படிக்கக் கொடு.

பாய் கட்டி ஓடுவதைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. துறைமுகச் சேர்மனாக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய படகு கிளப் இன்றும் நம் துறைமுகத்துக்குள் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் பழகுகிறார்கள். நேத்ரா குமணன் இதே சென்னையில் பழகித்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். பாய்ப்படகில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். சென்னைப் பிள்ளைகள் கணபதியும் வருணும் ஜோடியாக அதே ஒலிம்பிக்கில் ஓட்டினார்கள். உனக்கு இவர்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ பழகிய பந்தயப் படகில் நங்கூரம் என்று ஒன்று கிடையாது. பந்தயத்தில் நிற்கிற வேலையே இல்லை. ஓடுவது, திரும்புவது, கரைக்கு வந்து படகைத் தூக்கி வைப்பது, அவ்வளவுதான். நானோ துறைமுக லாஞ்சில் சுக்கானியாக இருந்தவன். எங்கள் வேலையில் பெரும்பகுதி ஓரிடத்தில் நிற்பது. அதனால் நிற்பதைப் பற்றி எழுதுகிறேன்.

நங்கூரம் தன் கனத்தால் படகைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் இப்போது எடுத்துப்போகிற 25 அடிப் படகுக்கான நங்கூரத்தை ஒரு கையால் தூக்கிவிடலாம். அது பிடிப்பது அதன் அலகு தரையில் குத்திப் புதைவதால். இழுவை படுக்கையாக வந்தால் மேலும் மேலும் புதையும். மேல்நோக்கி வந்தால் அதே வேகத்தில் பெயர்ந்துவிடும். ஆகவே கயிற்றை எவ்வளவு விடுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வற்றத்தில் இரண்டு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள். அதோடு ஏறப்போகிற தண்ணீர் ஒரு மீட்டர், படகின் முன்முனையான அணியம் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிற உயரம் ஒரு மீட்டர். ஆக நாலு மீட்டர். சங்கிலியே முழுக்க என்றால் இதைப் போல ஐந்து மடங்கு விடு, கயிறு என்றால் ஏழு மடங்கு. 28 மீட்டர் கயிறு. இரண்டு மீட்டர் தண்ணீருக்கு இவ்வளவா என்று உன் கூட்டாளிகள் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவுதான். காற்று ஏறினால் இன்னும் விட வேண்டும், இழுத்துக் கட்டக் கூடாது. பயந்தவன் கயிற்றைச் சுருக்குவான், படகு இழுபட்டுக் கரைக்குப் போகும்.

இறக்குகிற விதமும் இருக்கிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக அணியத்தைத் திருப்பு. படகு முற்றிலும் நின்று, பின்னால் நகரத் தொடங்கும்போது நங்கூரத்தைக் கையால் மெதுவாக இறக்கு. வீசி எறியாதே. தரை தொட்டதும் படகு பின்னால் போகப் போகக் கயிற்றை விடு. பாதி போனதும் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்துப் பார். அணியம் வெடுக்கென்று கயிற்றின் பக்கம் திரும்பினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மீதியையும் விட்டு, இஞ்சினைப் பின்னோட்டத்தில் வைத்து நன்றாக ஒரு தடவை இழு. கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள். நங்கூரம் தரையில் உரசிக்கொண்டு வந்தால் அந்த நடுக்கம் கையில் தெரியும். பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பார்த்து வை, ஒரு பனையும் பின்னால் ஒரு கோபுரமும் போல. பக்கவாட்டிலும் அப்படி இரண்டு. அந்தக் கோடு கலைந்தால் படகு நகர்கிறது. கைப்பேசியில் இருக்கிற வரைபடத்தை நம்புவதைவிட இதை நம்பு.

தரையைப் பார்க்காமல் நங்கூரம் போடக் கூடாது. நம் பெரியவர்கள் ஈயக்குண்டின் அடியில் குழித்துக் கொழுப்பை அப்பிக் கயிற்றில் விடுவார்கள். சோப்பும் போதும். மேலே எடுத்தால் அதில் மணல் ஒட்டியிருக்கும், அல்லது கறுப்புச் சேறு, அல்லது சிப்பித் தூள். ஒன்றும் ஒட்டாமல் குண்டு மட்டும் அடிபட்டு வந்தால் கீழே இருப்பது பாறைத்தரை, நாம் பார் என்பது. பாரில் நங்கூரம் ஒன்று பிடிக்காது, அல்லது மாட்டிக்கொண்டு வராது. சேறும் நல்ல மணலும் பிடிக்கும். கடற்புல் மேல் போட்டால் மேலாக வழுக்கும், புல்லையும் வேரோடு பெயர்க்கும்.

இந்தக் கடற்புல் சமாச்சாரத்தைச் சிறியதாக நினைக்காதே. மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நினைத்தவர் நினைத்தபடி அங்கே இறங்க முடியாது. பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்காகவே ஒதுக்கினார்கள். கடற்பசு உயிர்வாழ்வது கடற்புல்லால். பிரான்சின் தெற்குக் கரையில் 24 மீட்டருக்கு மேற்பட்ட சொகுசுப் படகுகள் கடற்புல் மேல் நங்கூரம் போடவே தடை இருக்கிறது. நங்கூரம் கிளறுகிற இடத்தைவிட, படகு சுற்றும்போது சங்கிலி தரையில் வட்டமாக இழுத்து அறுக்கிற இடம் பெரிது. அது ஆறிவர வருஷங்கள் ஆகும். உன் படகு சின்னதுதான், ஆனாலும் சங்கிலி சங்கிலிதான்.

இனி நம் கரையைச் சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை சுமார் 20 கடல் மைல். இத்தனை தூரத்தில் ஒரு சிறு படகு காற்றுக்குப் பயந்து ஒதுங்க இயற்கையாக ஓரிடம் கிடையாது. நம் ஊரே அப்படிப் பிறந்த ஊர். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் எல்லாம் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றன. சாமானையும் ஆளையும் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலை தாண்டிக் கொண்டுவந்தவர்கள் நம் ஆட்கள். கட்டுமரத்தில் கடிதம் கொண்டுபோனவர்களும் நம் ஆட்கள். புயல் வந்தால் கப்பல்காரர்கள் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த கையோடு, அந்த அக்டோபரிலேயே வந்த புயல், கோட்டைக்கு எதிரே நின்ற அவர்கள் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பல்களில் பலவற்றை மூழ்கடித்தது. பிறகு கல்சுவர் கட்டினார்கள். 1881 நவம்பரில் அதையும் ஒரு புயல் உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவரால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்று நம் பக்கத்துக் கரை கரைந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலைக்குப் பக்கத்தில் கொட்டியிருக்கிற கருங்கல் எல்லாம் அதன் விளைவு. அந்தக் கல்லோரத்தில் படகு ஒதுங்கினால் அரை மணி தாங்காது.

மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து கரையைப் பார்த்து வீசும்போது நீ நங்கூரத்தில் நின்றால் உன் முதுகுக்குப் பின்னால் கரை இருக்கிறது. நங்கூரம் பெயர்ந்தால் யோசிக்க நேரம் கிடையாது. ஆகவே நங்கூரம் போட்ட படகில் எப்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்று பேரும் இறங்கிப் பறவை பார்க்கப் போவது நடக்காது. காற்றையும் நீரோட்டத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகு. திருவொற்றியூர்க் கடலோரத்தில் நின்று வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைப் பார். எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டும். காற்று கிழக்கே இருக்க, கப்பல்கள் தெற்கே பார்த்து நின்றால் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே பலமாக ஓடுகிறது. காலி கப்பல் காற்றுக்குத் திரும்பும், சரக்கோடு ஆழ உட்கார்ந்த கப்பல் நீரோட்டத்துக்குத் திரும்பும். இரண்டும் வெவ்வேறு பக்கம் பார்த்து நின்றால் அன்றைக்குக் கடல் குழம்பியிருக்கிறது. செலவில்லாத பாடம் இது, தினமும் சாயங்காலம் போய்ப் பார்.

ஏற்ற வற்றத்தை நம் ஊரில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. குஜராத்தில் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. நமக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் போல, அட்டமி சமயத்தில் அதில் பாதிகூட இருக்காது. இதில் என்ன கணக்கு என்பார்கள். ஆழ்கடலில் கணக்கில்லைதான். ஆனால் நீ போகிற இடம் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டில் பெரிய உப்பங்கழி ஏரி அது. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பெரும்பகுதி இடுப்பளவு தண்ணீர்தான். வற்றத்தில் முழங்கால். அங்கே ஒரு முழத் தண்ணீர் வித்தியாசம் என்பது படகு மிதப்பதற்கும் சேற்றில் சாய்ந்து கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஏற்றத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆறு மணி நேரத்தில் தரை தட்டும். அமாவாசை ஏற்றத்தில் தட்டியதை அடுத்து வருகிற குறைந்த ஏற்றங்கள் தூக்கிவிடாது. பௌர்ணமி வரை அங்கேயே கிடக்க நேரும்.

முகத்துவாரம் இன்னும் பொல்லாதது. அந்த ஏரித் தண்ணீர் முழுக்க அந்தச் சிறிய வாய் வழியாகத்தான் போக வர வேண்டும். கடல் வெளியே வற்றத் தொடங்கிய பிறகும் சற்று நேரம் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம்தான் திரும்பும். பஞ்சாங்கத்தையோ ஏற்றவற்ற அட்டவணையையோ மட்டும் பார்த்துக் கணித்தால் ஏமாறுவாய். திரும்பிய தண்ணீர் வெளியே பாய்கிற நேரமும் மத்தியானக் கடற்காற்று உள்ளே அடிக்கிற நேரமும் ஒன்றானால், மணல்மேட்டின் மேல் அலை சுவர்போல் எழுந்து உடையும். அந்த மேடும் ஒரே இடத்தில் இருக்காது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் கொண்டுவரும் தண்ணீர் வாயைத் திறக்கும், கோடையில் கடல் மணலைத் தள்ளி அடைக்கும். நிலையான முகத்துவாரம் வேண்டும் என்று மீனவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டது இதனால்தான். போன வருஷம் யாரோ போட்ட வரைபடம் இந்த வருஷம் செல்லாது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை அங்கிருந்தே நடத்தினார்கள். அவர்கள் கப்பல்களும் வெளியே கடலில்தான் நின்றன, ஏரிக்குள் வரவில்லை.

2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப்பிள்ளை. உல்லாசமாகப் போன குடும்பம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏறி முகத்துவாரப் பக்கம் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. உன் அம்மா வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். அவளைக் கோழை என்று எழுதியிருக்கிறாய், அப்படி எழுதாதே.

உங்கள் படகின் கீல் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆகவே அந்தப் படகோடு ஏரிக்குள் போக முடியாது. முகத்துவாரத்திலும் நிற்க முடியாது. இதை உனக்குத் தீர்மானமாகச் சொல்கிறேன். எதிரெதிராக ஓடுகிற நீரோட்டத்தில் நிற்க இரண்டு நங்கூரத்தை முன்னும் பின்னுமாகப் போட்டு நடுவில் படகைக் கட்டுகிற முறை ஒன்று உண்டு. புத்தகத்தில் நீ அதைப் படித்திருப்பாய். அங்கே அதைச் செய்ய நினைக்காதே. காரணம் ஆழம் மட்டும் அல்ல.

அந்தத் தரைக்கு ஆள் இருக்கிறது. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் ஏரியில் வலை கட்டுகிற இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, குலுக்கிப் போட்டு, யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல பாடு ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்று. முகத்துவாரத்தை ஒட்டிய பாடுதான் இறாலுக்கு அருமையானது. தண்ணீர் வற்றி வெளியே ஓடுகிற இரவில் கழி ஊன்றிக் கட்டிய வலையில் இறால் வந்து விழும். அமாவாசை இரவுக்காக ஒரு குடும்பம் தன் முறை வரும்வரை காத்திருக்கும். அந்த இரவில் நீ போய் அங்கே நங்கூரம் போட்டால் ஓட்டத்தைத் தடுக்கிறாய், வலையைக் கிழிக்கிறாய். ஒன்றும் கிழியாவிட்டாலும் அவர்களுடைய முறையை எடுத்துக்கொள்கிறாய். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். வேலியும் இல்லை, பலகையும் இல்லை. அதனால்தான் வெளியூர்க்காரனுக்கு அது யாருடையதும் இல்லாத இடமாகத் தோன்றுகிறது.

பாடு முறையில் பங்கில்லாதவர்களும் அங்கே உண்டு, அந்த முறையில் மனத்தாங்கல் உள்ளவர்களும் உண்டு. எண்ணூர்ச் சிற்றாற்றிலிருந்து வடக்கே கழி முழுக்க இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. அவர்களுக்கு அந்தத் தரையின் ஒவ்வொரு பள்ளமும் விரலுக்குத் தெரியும். உன்னுடைய எதிரொலிக் கருவி காட்டுகிற ஆழத்தைவிட அவர்களிடம் கேட்டால் நல்ல தகவல் கிடைக்கும். தண்ணீரில் தலை மட்டும் தெரிகிற ஆட்கள் இருக்கிற இடத்தில் இஞ்சின் போட்டு ஓடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கேட்காமல் வந்து இறக்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நாம் வடசென்னையில் வேண்டிய அளவு பார்த்துவிட்டோம். போகிற வழியில் இடது கையில் எல்லாம் தெரியும், உன் கூட்டாளிகளுக்கும் காட்டு. கொசஸ்தலையாறு கடலில் சேருகிற எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஒழுகி ஒழுகிச் சிற்றாற்றின் தரையே மேடாகிவிட்டது. பாகக் கணக்கில் ஆழம் சொன்ன இடங்களில் இன்று நடந்து போகிறார்கள். முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் ஆட்களிடம் கேட்டால் எந்த இடத்தில் எந்த நண்டு இருந்தது என்று கை காட்டிச் சொல்வார்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பாரதியார் நகர்க் கரையில் பிள்ளைகள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் சிற்றாற்றில் பரவி, படகும் வலையும் கறுத்து, கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப்போய் நின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கிற திட்டம் வந்தபோது பழவேற்காட்டுக் கிராமங்கள் ஏன் அப்படி எதிர்த்தன என்று உனக்குப் புரிய வேண்டும். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல்கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கழியும். நம் துறைமுகச் சுவர் வடக்குக் கரைக்குச் செய்ததை அங்கே இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீ அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும்போது, கேட்காமல் வந்தவர்களின் வரிசையில் உன்னையும் அவர்கள் வைக்கக் கூடாது என்பது என் கவலை.

பறவைகள் விஷயமும் அப்படித்தான். ஏரியின் நம் மாநிலப் பகுதி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம், 153 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆந்திரப் பக்கம் அதைவிடப் பெரியது. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் வெளியார் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். மணல்திட்டில் கூடாரம் போட்டுத் தங்குவதை விட்டுவிடு. பூநாரைகள் வற்றத்தில் தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடித்துத் தின்கிற நேரம் கொஞ்சம்தான். அப்போது பக்கத்தில் போனால் முதலில் ஒன்று கழுத்தை நிமிர்த்தும், பிறகு கூட்டமாக நடக்கத் தொடங்கும், பிறகு எழும்பும். எழும்புகிற காட்சி அழகாக இருக்கும். அதற்காகவே கத்தி விரட்டிப் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். தின்கிற நேரம் போனால் அன்றைக்கு அவற்றுக்குப் பட்டினி. முதல் கழுத்து நிமிர்ந்ததும் நின்றுவிடு. பிப்ரவரி, மார்ச்சில் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அதனால் கரையைப் பார்த்து வெளிச்சம் அடிக்காதே. நங்கூரமிட்ட படகுக்கு இரவில் சுற்றிலும் தெரிகிற ஒரே ஒரு வெள்ளை விளக்கு, பகலில் அணியத்தில் ஒரு கறுப்பு உருண்டை, அது போதும்.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுகிற நாட்களில் அந்தக் கடலில் படகு எதுவும் இருக்கக் கூடாது. மற்ற நாட்களிலும் அந்தக் கரையில் கால் வைக்க முடியாது, பக்கத்தில் போய் நிற்கவும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ போக வேண்டும். நம் வீட்டுப் பெண் ஒருத்தி பாய் கட்டி வடக்கே ஓடினாள் என்று கேட்க எனக்கு ஆசை. ஆனால் நான் சொல்கிற விதத்தில் போ.

முதல் பயணம் பஸ்ஸில். பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காடு. ஊர்த் தலைவர்களைப் பார். மார்க்கெட்டில் ஏலம் முடிந்து ஆண்கள் சற்று உட்காரும் நேரம் நல்லது. கைப்பேசியை நீட்டிக்கொண்டு போகாதே. யார் வீட்டுப் பெண், எந்தக் குப்பம் என்று முதலில் சொல். காசிமேடு என்றால் உறவு எப்படியும் எங்காவது வந்து முட்டும். எந்த நாட்களில் எந்தப் பாடு, முகத்துவாரத்து மேடு இப்போது எந்தப் பக்கம், வெளியே எங்கே மணல் தரை, எங்கே வலை போட்டிருப்பார்கள் என்று கேள். வனத்துறை அலுவலகத்துக்கும் அன்றைக்கே போய்விடு. வற்ற நேரத்தில் அவர்களில் ஒருவரோடு, கூலி பேசி, கோல் ஊன்றுகிற படகில் ஏரிக்குள் போய் வா. அந்தப் பயணத்திலேயே உனக்குப் பூநாரை கிடைத்துவிடும்.

பாய்ப்படகில் போவது அதற்கப்புறம். அமாவாசை, பௌர்ணமி தவிர்த்து ஓர் அட்டமியை ஒட்டிய நாளாகப் பார். பிப்ரவரி பாதிக்கு மேல் வாடை தணிந்து, நீரோட்டம் வடக்கே ஓடத் தொடங்கியிருக்கும், போவது சுலபம். திரும்புவது அதே அளவு கஷ்டம் என்பதைக் கணக்கில் வை. விடியும் முன் கிளம்பு. துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் போகிற வழி, ஆட்கள், திரும்பும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. வி.எச்.எப். 16-ஆம் சேனலைத் திறந்தே வை. காமராஜர் துறைமுகத்துக் கால்வாயையும் காட்டுப்பள்ளிக் கால்வாயையும் குறுக்கே நேராக, சீக்கிரமாகக் கடந்துவிடு. அந்தக் கப்பல்களுக்கு உன்னைத் தெரியாது, தெரிந்தாலும் நிறுத்த முடியாது. முகத்துவாரத்துக்கு நன்றாகத் தெற்கே, அலை உடைகிற இடத்திலிருந்து விலகி, அவர்கள் காட்டிய மணல் தரையில், ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போடு. ஒருவர் படகில். மற்ற இருவரை, முன்னமே பேசி வைத்த உள்ளூர்ப் படகு வந்து ஏற்றிக்கொள்ளட்டும். கடற்காற்று ஏறுவதற்கு முன் நங்கூரத்தைத் தூக்கிவிடு. இரவு தங்குவது இந்த வருஷம் வேண்டாம். திறந்த கடலில் கரையை முதுகில் வைத்துக்கொண்டு இரவு நிற்க உங்கள் மூவருக்கும் இன்னும் பழக்கம் போதாது. அலை குறுக்கே உருட்டுகிற படகில் தூங்காமல் கிடந்து, காலையில் களைத்த கையோடு பாய் ஏற்றுவது ஆபத்து.

ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால் அங்கே நங்கூரம் போடாதே. காரணம் சொல்லாவிட்டாலும் போடாதே. அது அவர்கள் தரை.

உன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறேன். 12 மில்லி நைலான் கயிறு 50 மீட்டருக்குக் குறையாமல் வாங்கி வை, பிளாஸ்டிக் போல மிதக்கிற கயிறு வேண்டாம். எட்டு மில்லி சங்கிலி பத்து மீட்டர். இரண்டும் காசிமேட்டுக் கடைகளிலேயே கிடைக்கும். சங்கிலியை நங்கூரத்தில் மாட்டுகிற ஷேக்கிளின் திருகாணியைக் கம்பி போட்டுக் கட்டாவிட்டால் கழன்றுவிடும், அதை நானே வந்து கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா